மாரிச்செல்வம் ஊருக்குப் போகவில்லை

புது ஷூவைப் போட்டுக்கொண்டு மலை நடக்கக் கூடாது, மேடம். இதை நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாள் வீட்டைச் சுற்றி நடந்து காலுக்குப் பழக்கிவிட்டுத்தான் மலைக்குப் போட வேண்டும். இந்த முறை எனக்கே அது மறந்துவிட்டது. மருமகன் ஜெர்மனியிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தார், ஆசைக்குப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நடை தாமதமாகிவிட்டது. மற்றதெல்லாம் அந்தத் தாமதத்தால் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

டீ அப்படியே இருக்கட்டும். ஆறினாலும் குடிப்பேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். போன மாதம் செல்லத்தாயை அழைத்துக்கொண்டு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளால் கோர்வையாகப் பேச முடியவில்லை. நான்தான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். மாரிச்செல்வம், முதலிபாளையத்தில் என் பனியன் கம்பெனியில் லோடுமேன், சொந்த ஊருக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை என்று. அந்தப் புகாரில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று நான் மட்டும் வந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் கம்பெனி வைக்காதவர்கள் குறைவு. கல்யாண மண்டபத்தில் பார்த்துக்கொண்டால் ஆர்டர் எப்படி, ஆள் கிடைக்கிறதா, இவ்வளவோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரவர் காருக்குப் போய்விடுவோம். அப்படி முடிந்துபோகிற ஓர் ஆளாக இருந்துவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். ரோட்டில் நடக்க ஆரம்பித்து மலையில் போய் நின்றேன். தரணீதரன் தன்னந்தனியாக மூன்று நாள் மலை நடக்கிறாராம் என்று தெரிந்த பிறகு அதே மண்டபத்தில் என்னைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

நான் நடக்கும் பாதை மேல்மலைக் கிராமம் ஒன்றில் தொடங்கி, சோலைக்காடும் புல்மேடும் தாண்டி, மடத்துக்குளத்துக்குத் தெற்கே அடிவாரத்தில் வந்து இறங்கும். பழைய ஒற்றையடிப் பாதை. பெரும்பகுதி தனியார் தோட்டத்து நிலம், தோட்டக்காரர் எங்களுக்கு உறவு. இப்போது அதில் ஆள் நடமாட்டம் இல்லை.

முதல் வருடம் உண்மையிலேயே தனியாகத்தான் போனேன். பாதி வழியில் தோள் விட்டுப்போய், பையைக் கீழே போட்டு, உட்கார்ந்து அழுதேன். தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. ஏறிக் கீழே வந்துவிட்டேன். வீட்டில் நடந்து முடித்துவிட்டதாகச் சொன்னேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை, புனிதவதி கவலைப்படக் கூடாது என்று சொன்னதுதான். புனிதவதி என் மனைவி. அவள் தன் அண்ணன் அப்புசாமியிடம் சொல்ல, மச்சான் அதைப் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை.

அடுத்த வருடம் மாரியைக் கேட்டேன். அவன் ஊர் தெற்கே, மலை அடிவாரத்துக் கிராமம். அட்டைப்பெட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறும்போது மூச்சு வாங்காமல் பாடிக்கொண்டே போவான். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“பையி மட்டுந்தான தூக்கணும் மொதலாளி?” என்றான்.

“ஆமாப்பா. ஆனா நீ வந்தது ஆருக்கும் தெரியக் கூடாது. செல்லத்தாய்க்குங்கூட.”

“அவகிட்ட என்னன்னு சொல்லிட்டு வர?”

“ஊருக்குப் போறேன்னு சொல்லு.”

“அவ என்னைச் சந்தேகப்பட மாட்டா. அதான் பொய் சொல்லக் கஷ்டமா இருக்கு” என்று சிரித்தான். ஆனாலும் வந்தான்.

ஏற்பாடு எளிமையானது. அவன் முதல் நாளே பஸ் ஏறிப் போய், மேல்மலைக் கிராமத்தைத் தாண்டி முதல் வளைவில் உட்கார்ந்திருப்பான். என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டவர்கள் திரும்பிய பிறகு பையை வாங்கிக்கொள்வான். கடைசி நாள் அடிவாரம் தெரிகிற இடத்தில் என் தோளில் மாட்டிவிட்டு, வேறு தடத்தில் இறங்கி, மடத்துக்குளத்தில் பஸ் பிடித்துப் போய்விடுவான். அவன் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடச் சொல்வேன். வழியில் என் போனில் படம் எடுப்பதும் அவன்தான். நான் தனியாக மலைமுகட்டில் நிற்கிற படம் ஒன்று கம்பெனி வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறதே, நீங்கள் விசாரணைக்கு வந்தபோது நின்று பார்த்தீர்களே, அது அவன் எடுத்தது. நன்றாக எடுப்பான்.

அவனை நான் தாழ்வாக நடத்தியதில்லை. என் தட்டில் என்ன உண்டோ அதுவேதான் அவன் தட்டிலும். இரண்டு வருடம் இப்படி நல்லபடியாகப் போயிற்று. பள்ளிகளில் பேசக் கூப்பிட்டார்கள். ‘என் சுமை என் தோளில்’ என்று பேசுவேன். மனிதன் தன் சுமையைத் தானே தூக்கினால்தான் தன் பலம் அவனுக்குத் தெரியும் என்பேன். அந்த வாசகத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து எங்கள் கம்பெனியே பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பேசிப் பேசி எனக்கே அது உண்மையாகிவிட்டது. மேடையில் நிற்கும்போது மாரியின் நினைவு எனக்கு வந்ததே இல்லை.

இந்த முறை மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முன்தினம் மாலை நல்ல மழை. விடிந்ததும் கூடாரத்தை மடித்துக் கிளம்பினோம். அப்படி ஒரு காலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சோலைக்குள் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. புல்மேட்டில் ஏறி நின்றபோது பனி விலகி, கீழே சமவெளி முழுவதும் தெரிந்தது. அமராவதி அணையின் தண்ணீர் ஒரு தகடு மாதிரி மின்னியது. தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாக நின்றன. மாரி எனக்கு முன்னால் பையோடு போய்க்கொண்டிருந்தான். ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான். என் பழைய ஷூவைக் கொடுத்திருந்தேன். அளவு பெரிதாக இருக்கிறது, தடுக்குது என்று பைக்குள் வைத்துவிட்டான்.

முகட்டில் சிக்னல் கிடைத்தது. புனிதவதியின் செய்தி வந்திருந்தது. அடிவாரத்தில் வரவேற்பு விழாவுக்கு வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள், விருந்தினர் சீக்கிரம் போக வேண்டுமாம், வெயிலுக்கு முன்பு வந்துவிடுங்கள் என்று. என் குதிகாலோ ஒவ்வோர் அடிக்கும் எரிந்தது.

கொஞ்சம் இறங்கினால் ஒரு பெரிய சாய்வுப் பாறை வரும். பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். பாறையின் மேலேயே குறுக்காக இறங்கினால் நேரம் மிச்சம். மாரி நின்றுவிட்டான்.

“ராத்திரி மழை பேஞ்சிருக்கு மொதலாளி. பாசி வழுக்கும். சுத்தியே போயிருவோம்.”

“சுத்துனா மத்தியானம் ஆயிருமப்பா. அங்க அத்தனை பேரு காத்துட்டு இருக்காங்க. நீ முன்னால இறங்கு, நான் பாத்து வர்றேன்.”

அவன் பாறையில் கால் வைத்தான். முதலாளி சொன்னால் செய்கிற பழக்கம். நாலைந்து அடி வைத்திருப்பான். கத்தக்கூட இல்லை. லாரியிலிருந்து துணிப் பொதியைத் தள்ளிவிட்டால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் கீழே கேட்டது.

நான் பாதையோடு சுற்றிக்கொண்டு, ஓடை வழியாக அவனிடம் இறங்கினேன். இரண்டு பாறைக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். பை அவனுக்கு அடியில் இருந்தது. அதுதான் முதுகைக் காப்பாற்றியிருக்கிறது. வலது தொடை இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது, “பையி கிழியல மொதலாளி.”

பையைக் கழற்றுவது சிரமமாக இருந்தது. அவனுக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து கொடுத்தான். அடிபட்டுக் கிடக்கிறவனிடமிருந்து பையை ஏன் எடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கீழே அத்தனை பேர் நிற்கிறார்கள். தோளில் பை இல்லாமல் நான் எப்படிப் போய் நிற்பது? தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட்டையும் கடலை மிட்டாயையும் அவன் கைக்கு எட்டும்படி வைத்தேன். போர்த்திக்கொள்கிற துப்பட்டி பையின் அடியில் இருந்தது. அதை உருவினால் பை தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் அதை எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவனைத் தூக்கிவிடுவார்கள், துப்பட்டி எதற்கு என்றும் நினைத்தேன். அது நியாயமான நினைப்புதான்.

“கொஞ்ச நேரம் பொறுத்துக்க. ஆளுங்களக் கூட்டிட்டு வந்தர்றேன்.”

“நீங்க ஏறி வர வேண்டாம் மொதலாளி, கால் நோவோட. ஆள மட்டும் விடுங்க. செல்லத்தாய்கிட்ட இப்ப சொல்லிறாதீக. பயந்துரும்.”

நான் இறங்கினேன். பை கனமாக இருந்தது. வழியில் சிக்னல் வருகிற பாறை ஒன்று உண்டு. அதில் நின்று போனை எடுத்தேன். எங்கே வந்துவிட்டீர்கள் என்று புனிதவதி கேட்டிருந்தாள். இதோ வந்துவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். யாரிடமாவது நேரில் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று பட்டது.

அடிவாரத்தில் ஜமாப் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வாசலில் பந்தல், பேனர். கடைசி வளைவு திரும்பியதும் கைதட்டல் கிளம்பியது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பையை இறக்கி வாங்கிய ஒரு பையன், “யப்பா, என்ன கனம்” என்று தடுமாறினான், எல்லாரும் சிரித்தார்கள். புனிதவதி என் குதிகாலில் ரத்தம் பார்த்துக் கண் கலங்கினாள். நான் மச்சானைத் தனியே இழுத்தேன்.

“மச்சான், மேல ஒருத்தன்…”

“என்னுங்க மாப்ளை?”

அதற்குள் விருந்தினர் படம் எடுக்கக் கூப்பிட்டார். போய் நின்றோம். படம் முடிந்ததும் அப்புசாமி மறக்காமல் கேட்டார். “மேல ஒருத்தன்னீங்களே, என்னவாமுங்க?”

“மேல ஒருத்தன் மாடு மேய்ச்சிட்டு இருந்தானுங்க. அந்த உசரத்துல மாட்டைப் பாத்ததும் ஆச்சரியமாப் போச்சு” என்றேன்.

எப்படி வந்தது அந்தப் பதில் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. சாப்பாடு முடியட்டும், விருந்தினர் போகட்டும், அப்புறம் சொல்வோம் என்றுதான் இருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், “தனியா இருக்கப் பயமா இல்லீங்களா?” என்று கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “இல்லீங் கண்ணு, பழகிட்டாப் பயம் இல்ல” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். பாயசம் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மழை பிடித்தது. அந்த மழையில் யாரும் மலை ஏற மாட்டார்கள், காலையில் சொல்லிக்கொள்ளலாம். பையைப் பிரித்தபோது மாரியின் செல்போன் கிடைத்தது. பீரோவில் வைத்தேன். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் நான் துப்பட்டி போர்த்தாமல் வெறுந்தரையில் படுத்தேன். புனிதவதி கேட்டதற்கு முதுகு வலி என்றேன். அது எதற்காவது ஈடாகும் என்று நினைத்தேனோ என்னவோ. சாப்பாடு இறங்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொல்ல முடியவில்லை. சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். செவ்வாய்க்கிழமை சொன்னால் இரண்டு நாளாக என்ன செய்தாய் என்பார்கள். நேரம் போகப் போகக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று. பதில் மட்டும் அப்படியே இருந்தது.

செல்லத்தாய் என் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“மொதலாளி, அவுக ஊருக்குப் போறேன்னு போனாக. போனே எடுக்கல. ஊர்ல கேட்டா அங்க வரவே இல்லைங்காக.”

“வந்துருவான் கண்ணு. சார்ஜ் இல்லாம இருக்கும்” என்றேன்.

“இத்தனை நாள் லீவுக்கு உங்ககிட்டயாவது சொன்னாகளா?”

“சொன்னான், சொன்னான்.”

அவள் முகம் தெளிந்து போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் அறையில் இருக்க முடியவில்லை. அன்றைக்கே மருந்துக் கடைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை, பெருந்துறையில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காரை அடிவாரத்துக்கு முன்பே ஒரு தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தினேன். தண்ணீர், குளுக்கோஸ், ரொட்டி, வலி மாத்திரை, கட்டுத்துணி, துப்பட்டி எல்லாம் பையில் இருந்தன. அங்கிருந்து அந்த இடம் வரை நெட்டு ஏற்றம். பல இடத்தில் உட்கார்ந்தேன். தோள் தீயாக எரிந்தது. உண்மையைச் சொன்னால், என் பையை நானே சுமந்து அந்த மலையில் போக வேண்டிய இடம் வரைக்கும் போனது அன்று ஒரு நாள்தான். படம் எடுக்க ஆள் இல்லை.

ஏறும்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் இறந்துபோயிருப்பான் என்று நினைத்தேன். அப்படியானால் எல்லாம் சுலபம். வழியில் தற்செயலாகப் பார்த்ததாகச் சொல்லலாம்.

அவன் உயிரோடு இருந்தான்.

பாறை இடுக்கில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறான். பிஸ்கட்டில் பாதியை மிச்சம் வைத்திருந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. கால் வீங்கிக் கறுத்திருந்தது, கிட்டே போனதும் வாடை வந்தது. கண்ணைத் திறந்து, நான்தானா என்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

“வந்துட்டீகளா” என்றான்.

“வந்துட்டேன் மாரி.”

“நீங்க விட்ட ஆளுக வழி தெரியாம எங்கிட்டோ போயிட்டாக போல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன்.”

“ஆமாப்பா. வழி தப்பிட்டாங்க.”

“உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.” பிறகு, ஏதோ நினைவு வந்தவன் போல, “விழா நல்லா நடந்துச்சா மொதலாளி?” என்று கேட்டான்.

“நல்லா நடந்துச்சு.”

“சந்தோசம்” என்றான்.

துப்பட்டியைப் போர்த்தினேன். தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அந்த நிலையில் ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. மாத்திரை கொடுத்தேன். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று கேட்டான். சிக்னல் இருக்கிற பாறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சிக்னல் நன்றாக இருந்தது. அப்புசாமியைக் கூப்பிட்டுப் பேசினேன். திரும்பி வந்து, சொல்லிவிட்டேன், ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று மாரியிடம் சொன்னேன். அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். கை கொதித்தது. மகள் அன்புசெல்வியைப் பற்றிப் பேசினான், அவளுக்குப் பரீட்சை நடக்கிறதாம். பிறகு பேச்சு குழறியது. யாரையோ தண்ணீர் பாய்ச்சச் சொன்னான், மடையை அடைக்கச் சொன்னான். வெயில் எதிர்ப்பாறையை விட்டு இறங்குகிற நேரத்தில் மூச்சு நின்றது.

அப்புசாமியிடம் என்ன பேசினேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்கிறேன். மச்சான் போனை எடுத்ததும் நான் வாய் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“உங்களத்தானுங்க மாப்ளை கூப்படலாம்னு இருந்தேன். மாசக் கடைசில பள்ளிக்கூடத்து விழாவாமா. பரிசு குடுக்க உங்களத்தான் கேக்கறாங்க. சரின்னு சொல்லிரட்டுங்களா?”

நான் அந்தப் பாறையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே அவன் இருக்கிறான். காற்று நன்றாக வீசியது.

“எத்தனை மணிக்குங்க மச்சான்?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான் பேசினேன். வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் எண் எனக்குத் தெரியும். அன்றே தூக்கியிருந்தால் கால் போயிருக்கும், உயிர் தங்கியிருக்கும் என்று பிறகு ஒரு டாக்டரிடம், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

நரி இழுத்துவிடக் கூடாது என்று அவனைப் பாறை இடுக்கில் நேராகக் கிடத்தி, மேலே கல் அடுக்கினேன். கை முழுவதும் சிராய்ப்பு. துப்பட்டியை எடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். செல்லத்தாயை என் காரிலேயே இங்கே அழைத்து வந்தேன். அவளை மாரியின் சொந்த ஊருக்கும் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவன் படத்தைக் காட்டி டீக்கடைக்காரர்களிடம் நானும் விசாரித்தேன். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, “உங்கள மாதிரி ஒருத்தர் இல்லன்னா நான் என்ன செய்வேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிறகு கம்பெனியில் பேச்சு கிளம்பியது. தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தாள். அவளையும் மாரியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நான் ஆரம்பிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு நாள் செல்லத்தாயே வந்து நின்றாள். “அவுக அப்படிப்பட்டவுக இல்ல. நீங்க சொல்லுங்க மொதலாளி, நான் நம்புதேன்” என்றாள். நான் சொன்னேன், “ஆம்பளைங்க மனசு எப்ப எப்படி மாறும்னு ஆரு கண்டா கண்ணு?” அவள் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. அவன் பெயரை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

மாசக் கடைசியில் பள்ளிக்கூடத்து விழாவுக்குப் போனேன். போகிற வரைக்கும் அது அன்புசெல்வி படிக்கிற பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியாது. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. மேடைக்கு வரும்போது பக்கத்திலிருந்த டீச்சர் என் காதில், “அப்பா இன்னொருத்தியோட போயிட்டாருங்க சார், இருந்தாலும் புள்ள நல்லாப் படிக்குது” என்றார். பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. அவனுடைய கண்தான் அவளுக்கு. கையில் பரிசைக் கொடுத்துவிட்டு, “நல்லாப் படி கண்ணு. அப்பா வந்துருவாரு” என்றேன்.

“வர வேண்டாம் சார்” என்றாள்.

முகத்தில் கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டுப் படியிறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நான் பேச வேண்டும். எழுந்து மைக் முன்னால் நின்றேன். ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் யோசித்தேன். மாரிச்செல்வம் யாரோடும் ஓடிப்போகவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். அப்படி ஒரு கெட்ட பெயர் அவனுக்கு வருவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அதனால்தான் வந்தேன். அவன் ஊருக்கும் போகவில்லை. என்னோடு மலைக்கு வந்தான். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இது அவனுடைய செல்போன். வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை நானே வந்து காட்டுகிறேன், சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. சாய்வுப் பாறையில் குறுக்கே இறங்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செல்லத்தாயிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொன்னால் தாங்க மாட்டாள், என்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.